உப்புக்குள் விழுந்த காவி

தருமலிங்கம் பொறாமைக்காரர் என்பது பழவேற்காட்டில் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டுக்காரன் தோணிக்குப் புதுப்பாய் கட்டினால் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அஜீரணம். அவருடைய பெண்சாதி வேலம்மாவும் வாயைத் திறக்காமல் சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு அடுப்படியில் போய்ச் சிரிப்பாள்.

ஆனால் மனிதர் தொழிலில் சுத்தம். கல்லுக்குப் பட்டை தீட்டுகிற ஆசாரி. அந்த ஊர் மண்ணில் கூழாங்கல்கூடக் கிடைக்காது. எங்கே தோண்டினாலும் மணலும் சேறும் கிளிஞ்சலும்தான். வலையின் அடியில் கட்டுகிற குண்டுகூடச் சுட்ட மண்தான். அப்படிப்பட்ட ஊரில் கல்லைப் பற்றிப் பேச இருப்பது ஒரே ஆள் என்றால் மதிப்பு இருக்கத்தானே செய்யும். கிருஷ்ணா நதிப் பக்கத்து மலைகளிலிருந்து வியாபாரிகள் எந்தக் கல்லைக் கொண்டுவந்தாலும், ஒல்லாந்தர் கோட்டையில் அதை முதலில் கையில் வாங்கிப் பார்ப்பவர் தருமலிங்கம்தான்.

கோட்டையில் வைத்தியத் துரை ஒருவர் இருந்தார். சிப்பாய்களின் காய்ச்சலுக்கும் சிரங்குக்கும் மருந்து கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கல் சேர்ப்பார். வைரமில்லை, கெம்பில்லை, படிகம். அதிலும் சுத்தமான படிகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே எதுவாவது மாட்டிக்கொண்டிருக்கிற படிகமாகப் பார்த்துப் பொறுக்குவார். பொன்னிறத்தில் முடிமுடியாக ஓடும் கல் ஒன்று. உள்ளே சொட்டுத் தண்ணீர் இருந்து, சாய்த்தால் அதில் ஒரு குமிழி நகரும் கல் ஒன்று. கறுப்பு ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் குத்திக்கிடக்கும் கல் இன்னொன்று. தருமலிங்கத்தின் தொழிலில் இதெல்லாம் தோஷம். மயிர் ஓடிய கல்லை அவருடைய அப்பா பட்டறைப் படியேற விட்டதில்லை. முதல் வருஷம், துரைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தார். இரண்டாம் வருஷம் அவரே வியாபாரிகளிடம், குப்பையில் போட வைத்திருக்கும் கல்லையும் காட்டச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்.

காரணம், துரை ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு சீட்டு வைத்தார். கல் எங்கே கிடைத்தது, உள்ளே என்ன இருக்கிறது, கொண்டுவந்து காட்டியவர் யார் என்று அதில் எழுதினார். முப்பத்தெட்டுச் சீட்டிலும் தருமலிங்கம் பெயர்தான். ஒல்லாந்து எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயரின் உருவம் மட்டும் மனப்பாடம். கற்களை அடுக்கியிருந்த அலமாரி ஒருநாள் கப்பலேறி ஒல்லாந்துக்குப் போகும், அங்கே பெரிய மனிதர்கள் கூடி நின்று இந்தப் பெயரைப் படிப்பார்கள் என்று துரை சொன்னதிலிருந்து, அலமாரியைத் துடைக்கிற வேலையைக்கூட அவர் வேறு யாருக்கும் விட்டதில்லை. சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது.

ஒரே ஒரு சீட்டு மட்டும் பெயரில்லாமல் கிடந்தது. அந்தக் கல்தான் எல்லாவற்றிலும் மேலானது. கட்டைவிரல் பருமனில், ஆறு பட்டையோடு கூம்பி நிற்கும் தெளிந்த படிகம். அதன் வயிற்றுக்குள் அதே ஆறு பட்டையோடு இன்னொரு சின்னப் படிகம் பச்சை நிழலாகத் தெரியும். அதுவும் ஒரு பக்கத்துப் பட்டைகளில் மட்டும்தான் பச்சை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒரு கல்லுக்குள் இன்னொரு கல் எப்படிப் போனது என்று சொல்கிறவர் பெயரைத்தான் இந்தச் சீட்டில் எழுதுவேன் என்று துரை பிடிவாதமாக இருந்தார். அவருடைய தேசத்துப் பழைய புத்தகங்களில், படிகம் என்பது கடுங்குளிரில் உறைந்து மறுபடி இளகாமல் போன தண்ணீர் என்று எழுதியிருந்ததாம். அதில் அவருக்கே நம்பிக்கையில்லை. தருமலிங்கம் இரண்டு வருஷமாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இடி விழுந்து உண்டானது என்றார். கல் சூல் கொண்டிருக்கிறது, விட்டு வைத்தால் குட்டி போடும் என்றார். துரை ஒவ்வொரு தடவையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பேனாவை மட்டும் எடுக்கவில்லை. அந்தச் சீட்டில் தன் பெயர் ஏறாமல் செத்தால் தன் கட்டை வேகாது என்கிற நிலைமைக்கு ஆசாரி வந்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் தேசம்மா வந்து சேர்ந்தாள்.

ஏரிக்கரையில் தோணிரேவுக் குப்பத்துக்காரி. துரை வீட்டுச் சமையலுக்கு இறால் கொண்டுவருகிறவள். ஏரியில் கழுத்தளவுக்கு உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பது அவர்கள் வழக்கம். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டே வேலை நடக்கும். அதனாலோ என்னவோ, கரையேறிய பிறகும் அவள் வாயை அதிகம் திறப்பதில்லை. சித்திரை மாசத்தில் ஒருநாள் காலை, துரை கற்களையெல்லாம் கழுவிக் கோட்டைக் கொல்லையில் பாய்மேல் பரப்பியிருந்தார். தருமலிங்கம் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முக்காலி துரை அவருக்கென்றே தச்சனை வைத்துச் செய்து போட்டது. இறாலைச் சமையற்காரனிடம் கொட்டிவிட்டுத் திரும்பிய தேசம்மா, பொன்முடிக் கல்லைப் பார்த்ததும் நின்று, அதன் முன்னால் குந்திவிட்டாள்.

“இது வளர்ந்த கல்லு,” என்றாள். “எங்க ஏரி உப்புல எறா மீச மாட்டிகினு இருக்கும், அதே மாதிரி.”

போய் வேலையைப் பார் என்றார் தருமலிங்கம். துரை கையை உயர்த்தி அவரை அடக்கிவிட்டு, அவளை விவரமாகச் சொல்லச் சொன்னார். துரைக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அவளும் சொன்னாள். கோடையில் ஏரி ஓரம் வற்றும்போது பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் நாளுக்கு நாள் கெட்டியாகும். ஒரு கட்டத்துக்குமேல் உப்பைத் தாங்க முடியாமல் வெளியே விட்டுவிடும். விட்ட உப்பு கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் படியும். புல் கிடைத்தால் புல், நண்டு நகம் கிடைத்தால் நண்டு நகம். படிந்ததன்மேலேயே மறுபடி படிந்து மூடிக்கொள்ளும். யாரும் மீசையை உப்புக்குள் கொண்டுபோய்ச் சொருகுவதில்லை. மீசை முன்னாடியே அங்கே இருந்தது, உப்பு பின்னால் வந்தது. இந்தப் பொன்முடியும் முன்னாடியே அங்கே இருந்திருக்கும், கல் பின்னால் வந்து மூடியிருக்கும் என்றாள்.

உப்பு தண்ணீரில் கரையும், கல் கரையுமா என்று தருமலிங்கம் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொன்னது துரை. ஜாவா தீவில் தரையிலிருந்து கொதித்துப் பொங்கும் ஊற்றுகளை அவர் பார்த்திருந்தார். அந்த ஊற்றுகளின் விளிம்பில் வெள்ளையாகக் கல் படிந்திருக்கும், இவ்வளவு நாளும் அது தண்ணீரிலிருந்து வந்ததாக இருக்கும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். மலைக்குள்ளே வெடிப்புகளில் அப்படிப்பட்ட சுடுதண்ணீர் காலங்காலமாக நின்று, கல்லைக் கரைத்து வைத்துக்கொண்டு, ஆறும்போது விட்டிருக்கலாமே என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இருக்கும் என்று அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து இடியாப்பச் சிக்கலைப் பிரிப்பதுபோல் பேசிக்கொண்டே போனார்கள். தருமலிங்கம் கையில் துணியோடு ஒரே கல்லை ஒன்பது தரம் துடைத்தார்.

மறுநாள் அவள் ஒரு உப்புக்கட்டி கொண்டுவந்தாள். பழுப்பாக, கலங்கலாக இருந்தாலும் உள்ளே இறால் மீசை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. துரைக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து பேசு என்று முக்காலியை எடுத்து அவளுக்குப் போட்டார். அவளும் ஈரப்புடவையோடு அதில் உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தெட்டுக் கல் கொண்டுவந்து கொடுத்த மனிதர் பக்கத்தில் தூண் மாதிரி நின்றார். அவள் போன பிறகு முக்காலியில் இருந்த ஈரத்தை அவர் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

இந்த அழுக்குக் கட்டியை வைத்துக்கொண்டு படிகத்தைப் பற்றிப் பேசலாமா என்று அவர் துரையிடம் எடுத்துச் சொன்னார். படிகம் எப்படித் தெளிந்திருக்கிறது, பட்டை எப்படி நேராக நிற்கிறது. உப்பும் அப்படி வளரும் என்றால் நம் கண்ணெதிரில் வளர்த்துக் காட்டட்டும் என்றார். அவள் திணறுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். துரை அதைப் பிடித்துக்கொண்டார். தேசம்மாவும் சரி என்றுவிட்டாள். வாயகன்ற மண்தொட்டி ஒன்றில் ஏரியோரத்துக் கெட்டித் தண்ணீரை வடிகட்டி ஊற்றினாள். குறுக்கே ஈர்க்குச்சி வைத்து, அதிலிருந்து ஒரு இறால் மீசையைத் தொங்கவிட்டாள். மேலே சல்லாத்துணி கட்டிக் கொல்லையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள். இது தெளிவாக வளர்ந்துவிட்டால் பச்சை நிழல் கல்லின் சீட்டில் உன் பெயர்தான் என்று துரை சொன்னார்.

அன்றைக்குத் தருமலிங்கத்துக்குச் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் இறங்கவில்லை. எறா பிடிக்கிறவள். கல் என்றால் கறுப்பா சிவப்பா என்று நேற்றுவரை தெரியாதவள். அவள் பெயரை ஒல்லாந்தில் பெரிய மனிதர்கள் படிக்கவா அவர் மலை மலையாகச் சொல்லியனுப்பிக் கல் வரவழைத்தார்? படுத்தால் அந்த வெறும் சீட்டில் அவள் பெயர் எழுதியிருப்பது போலவே தெரிந்தது.

அந்த வாரமே சதுரங்கப்பட்டணத்துக் கோட்டையில் பேதி கண்டிருப்பதாக ஆள் வந்து, துரை ஒரு மாசத்துக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. தொட்டியை யார் பொறுப்பில் விடுவது? சாவி வைத்திருக்கிறவர் பொறுப்பில்தான். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று துரை ஆசாரியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

துரையின் படகு தெற்கே திரும்பியதும் தருமலிங்கம் இரண்டு காரியம் செய்தார். வெளியாள் யாரும் கொல்லைக்குள் வரக்கூடாது என்று துரை சொன்னதாகக் காவற்காரனிடம் சொன்னார். இறால் சட்டியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு தேசம்மாவைத் திருப்பிவிட்டார்கள். பிறகு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மருந்து அறைக்குப் பின்னால், வெயிலே எட்டிப் பார்க்காத மூலையில் வைத்தார். உப்பளத்தில் எல்லாரும் வெயிலுக்குத்தானே காத்துக் கிடக்கிறார்கள். வெயில் இல்லையென்றால் உப்பு ஏது என்பது அவர் கணக்கு. தவிர, தான் எதையும் கெடுக்கவில்லை, இடம் மாற்றித்தான் வைத்தோம் என்று மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது.

தேசம்மா தினமும் வாசலில் நின்று தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் போவாள். ஒருநாள் இவரையே நேரில் பிடித்துவிட்டாள். தண்ணீர் மேல் உப்பு ஏடு கட்டியதா என்று கேட்டாள். ஒன்றும் கட்டவில்லை, வெறும் தண்ணீராகத்தான் கிடக்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அப்படியா என்று அவளும் சந்தோஷமாகவே போனாள். அது அவருக்குப் புரியவில்லை. பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் சும்மா பார்ப்போம் என்று துணியை விலக்கினார். மீசையின் நுனியில் துவரம்பருப்பு அளவில் ஒன்று தொங்கியது. சதுரமாக இருந்தது. உள்ளே மீசை ஓடுவது மேல்தோல் இல்லாததுபோல் பளிச்சென்று தெரிந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் சாணை பிடித்த கை அவருடையது. அப்படி ஒரு மூலைமட்டம், அப்படி ஒரு முகம் அவர் சாணையில் ஒருநாளும் வந்ததில்லை. யாரும் தீட்டவில்லை, யாரும் மெருகு போடவில்லை. தன்பாட்டுக்கு இருட்டு மூலையில் தொங்கிக்கொண்டு தானே வந்திருக்கிறது. அவள் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது.

அவர் மடியில் மெருகுக்குப் போடுகிற காவிப்பொடி எப்போதும் இருக்கும். மூன்று தரம் அரைத்து, சல்லாத்துணியில் சலித்தது. ஊரில் வேறு எவரிடமும் அப்படிப் பொடி கிடையாது, அவருடைய நகக்கண்ணெல்லாம் அதனால்தான் எப்போதும் சிவப்பு. அதை ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டார். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆகி, பருப்பு மறைந்துபோனது. ஈர்க்குச்சியை எடுத்து உடைத்துப்போட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அது கையால் கெடுத்ததாக ஆகிவிடுமே. தண்ணீர் தானே அழுக்காகிவிட்டது என்றால் யார் என்ன கேட்க முடியும்? துணியைப் பழையபடி கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். யார் வீட்டில் என்ன கெட்டது நடந்தது என்று வேலம்மா கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. துரை வந்து இறங்குகிறார் என்று தெரிந்த காலையில் மட்டும் தொட்டியைத் துணியோடு தூக்கி, பழைய இடத்தில் வெயிலில் வைத்தார்.

துரை குளிக்கக்கூட இல்லை. தேசம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மூன்று பேரும் சுற்றி நிற்கத் துணியை அவிழ்த்தார்கள். தொட்டியின் அடியில் காவி சேறாகப் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. துரை ஈர்க்குச்சியை மெல்லத் தூக்கினார்.

மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சதுரம் மேலே வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் நடுவில் இறால் மீசை. மீசையைச் சுற்றி, பெரிய சதுரத்துக்குள்ளே ஒரு சின்னச் சதுரம் சிவப்பு நிழலாகத் தெரிந்தது. அதுவும் மேல்பக்கம் மட்டும் சிவப்பு, அடிப்பக்கம் ஒன்றுமில்லை.

துரை உள்ளே ஓடிப்போய்ப் பச்சை நிழல் கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். தேசம்மா கல்லை வாங்கிப் பச்சைப் பக்கம் மேலே வருகிற மாதிரித் திருப்பிப் பிடித்தாள்.

“மலைக்குள்ள இது இப்டித்தான் கெடந்திருக்கு,” என்றாள். “சின்னதா இருக்கசொல்லோ மேலேர்ந்து பச்சத் தூளு விழுந்து படிஞ்சிருக்கு. அடியில விழல. அப்பால தண்ணி தெளிஞ்சி, மறுபடி மேல வளர்ந்திருக்கு.”

ஒரு கல்லுக்குள் இன்னொரு கல் இல்லை. அதே கல்லின் சின்ன வயசுதான் உள்ளே தெரிகிறது. துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. இரண்டு வருஷக் கேள்வி அல்லவா. உட்கார்ந்தபடியே, இந்தச் சிவப்பைப் போட வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று தேசம்மாவைக் கேட்டார்.

“நான் போடல,” என்றாள் அவள். உப்பில் போய் யாராவது காவியைப் போடுவார்களா என்றும் சொன்னாள். அப்புறம் உப்பை இன்னொரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, இது வெயிலில் வளர்ந்த உப்பே இல்லை, வெயிலில் இருந்தால் பொடிப்பொடியாகக் கட்டிக் கலங்கலாக இருக்கும், யாரோ நிழலில் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஏடு கட்டாமல் இவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது, நிழலின் அருமை தனக்கே இப்போதுதான் தெரிகிறது என்றாள்.

அப்படியானால் அது யார் என்று துரை கேட்டார். இந்தச் சிவப்பு இல்லாவிட்டால் எனக்குக் கடைசிவரை விளங்கியிருக்காது, போட்டவர் பெயரைத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்றார்.

தேசம்மா தருமலிங்கத்தின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் சீட்டு அவளுக்கு. திறந்தால், எதற்குப் போட்டாய் என்ற கேள்வி வரும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் சாவியும் போகும், முக்காலியும் போகும், முப்பத்தெட்டுச் சீட்டும் போகும். எல்லாம் தெரிந்தும், அந்தச் சீட்டில் அவள் பெயர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

“நான்தான் போட்டேன்,” என்றார்.

எதற்கு என்று துரை கேட்டார். நடுவில் ஒருதரம் வளர்ச்சி நின்று, மறுபடி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் என்று வாயில் வந்ததைச் சொன்னார். நிழலில் வைத்ததும் தான்தான் என்றார். துரை எழுந்து வந்து அவரை மார்போடு அணைத்துக்கொண்டார். தேசம்மா வாயைத் திறந்தாள். பிறகு பறிக்கயிற்றைக் கடித்த மாதிரி மூடிக்கொண்டாள்.

துரை மேசையைக் கொல்லைக்கே கொண்டுவரச் சொல்லி, பேனாவை மையில் தோய்த்து எழுதினார். தனக்குப் பழக்கமான அந்த உருவம் ஒவ்வோர் எழுத்தாக வெள்ளைச் சீட்டில் ஏறுவதைத் தருமலிங்கம் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்தது தேசம்மாவை. அவள் சீட்டின் பக்கமே திரும்பவில்லை. உப்பை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கோட்டை வாசலைத் தாண்டி வெளியே வந்தபோது அவள் படகுத்துறைக்குப் போகிற வழியில் காத்து நின்றாள். வந்துவிட்டது என்று நினைத்தார். துரைக்குத் தெரியாமல் ஊரைக் கூட்டி மானத்தை வாங்கப் போகிறாள். வழி முழுக்க ஆள் நடமாட்டம். என்ன சொன்னாலும் இல்லை என்று சாதித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

“இன்னாமே?” என்றார்.

“ஆசாரியாரே, ஒண்ணு கேக்கணும். காவிய எந்த நாளு போட்டீங்க?”

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. துரை வருவதற்கு ஐந்து நாள் முன்னால் என்றார்.

அவள் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“அஞ்சு நாளு இல்ல அது. உள்ள இருக்குறது பருப்பு அளவு. அதுக்கு மேல இருக்குற கனம் அஞ்சு நாள்ல வராது. நெழல்ல இன்னும் மெதுவாத்தான் வரும். பதினாலு, பதினஞ்சு நாளு ஆயிருக்கணும். நல்லா ரோசன பண்ணி சொல்லுங்க.”

கோபமாகக் கேட்கவில்லை. அதட்டியும் கேட்கவில்லை. மறந்துபோனவருக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரிக் கேட்டாள். தான் பொய் சொன்னதை அந்த உப்பே அவளிடம் சொல்லிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இனிமேல் எதைச் சொன்னாலும் அதை அளந்து பார்த்துவிடுவாள்.

“பதினாலு,” என்றார்.

“அப்ப சரியா இருக்குது,” என்றாள். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. மறுபடியும் விரலை எண்ணத் தொடங்கினாள். உப்புக்கே இத்தனை நாள் என்றால், மலைக்குள்ளே இருக்கிற அந்தப் பச்சைத் தூளுக்கு மேலே அவ்வளவு கல் வளர எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அவரைக் கேட்டாள். கல்லோடு புழங்குகிறவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவருக்குத் தெரியாது. ஒரு கல்லுக்கு எவ்வளவு கிடைக்கும், எத்தனை பட்டை போடலாம், எங்கே தோஷம் என்று பார்த்திருக்கிறாரே தவிர, முப்பது வருஷத்தில் ஒரு கல்லைப் பார்த்தாவது இது எப்படி வந்தது, எத்தனை நாளாயிற்று என்று அவராக யோசித்ததில்லை. துரை கேட்டபோதும் சீட்டுக்காகத்தான் பதில் தேடினார்.

அவள் போகத் திரும்பினாள். அவரால் பொறுக்க முடியவில்லை.

“தொரைகிட்ட ஏன் சொல்லல?”

“இன்னாத்த?”

“நான் கெடுக்கத்தான் போட்டேன்னு.”

“கெடுக்கத்தான் போட்டீங்க, தெரியும்,” என்றாள் தேசம்மா. “ஆனா கெடல பாருங்க.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அது கெடாமல் போனதில் இருந்த ஆச்சரியம்தான் இருந்தது. வரும் கோடையில் இரண்டு தரம் பொடி போட்டுப் பார்க்க வேண்டும், பதினாலாம் நாள் ஒருதரம், இருபத்தெட்டாம் நாள் ஒருதரம் என்று தனக்குள் பேசிக்கொண்டே படகுத்துறைப் பக்கம் நடந்தாள். வெற்றிலை வாங்க நின்ற ஒருத்தி கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

தருமலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பத்தொன்பது சீட்டிலும் இப்போது அவர் பெயர்தான். யாரும் பங்குக்கு இல்லை. ஆனாலும் வயிறு எரிந்தது, இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு எரிந்தது. விரல்விட்டு எண்ணும்போது அவள் முகத்தில் வந்ததே, அதில் கொஞ்சம் தனக்குக் கிடைக்கும் என்றால் அந்த முப்பத்தொன்பதையும் அப்போதே கொடுத்துவிட்டு வாங்கியிருப்பார். யாரிடம் போய் வாங்குவது என்றுதான் தெரியவில்லை.